ஷீட் கூரையில் ஏறுமுன்...

திருச்சுழி பக்கம் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் வீடு. வீட்டுக்காரர் தினமும் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர். சொந்த வீட்டு வேலைக்கு ஞாயிறு ஒன்றுதான். சித்திரை வெயிலில், நடுமதியம், கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏறினார். ஷீட்டின் நடுவில் கால் வைத்ததும் உடைந்தது. சட்டத்தைப் பிடித்துத் தொங்கியதால் தப்பினார். இரண்டு கறவை மாடு நிற்கும் வீடு. அவர் படுத்துவிட்டால் யார் பார்ப்பது?

அடுத்த ஞாயிறு உடைந்த ஷீட்டை மாற்றி, விடியற்காலையிலேயே ஏறினார். போல்ட் வரிசை போகும் இடத்தில்தான் அடியில் சட்டம் இருக்கும். சட்டத்துக்குச் சட்டம் பலகை போட்டு, அதன்மேல் நின்றே அடித்தார். மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டார். கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே மண்தொட்டியில் நீர்த்திருந்தார்கள். (பிளாஸ்டிக் வாளி அந்தக் கொதிப்பில் இளகிவிடும், பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது.) 8 மணிக்கு இறங்கியவர், வெயில் தாழ்ந்ததும் மறு பூச்சு அடித்தார்.

வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. வேப்பமரத்தடியில் கிடந்த பிள்ளைகள் இப்போது மதியம் வீட்டுக்குள் தூங்குகிறார்கள்.