வௌவால் ஆன கார்!

1966ல் வந்த அமெரிக்க 'டிவி' தொடரில், பேட்மேன் ஓட்டிய கறுப்புக் கார் 'பேட்மொபைல்'. அது புதுக் கார் இல்லை, தெரியுமா?

'லிங்கன்' நிறுவனத்தின் 1955ம் ஆண்டுக் கண்காட்சிக்காக, இத்தாலியின் டூரின் நகரில் கைவேலையாகச் செய்யப்பட்ட கார், 'ஃபியூச்சுரா'. செலவு, 2.5 லட்சம் டாலர். பிறகு அது கேட்பாரற்றுக் கிடந்தது. கார்களை மாற்றி அமைப்பதில் கெட்டிக்காரரான ஜார்ஜ் பேரிஸ் என்பவர், அதை வெறும் 1 டாலருக்கு வாங்கினார்!

தொடருக்குக் கார் செய்யக் கிடைத்ததோ, 3 வாரம்தான். புதிதாகச் செய்ய நேரமேது? பழைய காரையே வெட்டி, ஒட்டி மாற்றினர். தகட்டு வேலையைச் செய்தவர், பில் குஷன்பெரி. முன்பக்கம் வௌவால் முகமானது. பின்பக்கத் துடுப்புகள் சிறகுகளாயின.

நேரம் குறைவு என்று, தகட்டு வேலையில் அவசரப்படவே கூடாது. கார் தகட்டின் கனம், சுமார் 1 மி.மீ.தான். ஒரே மூச்சில் நீளமாக வெல்டிங் செய்தால், சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, அப்பளம் போல் நெளிந்து விடும். அதனால், இங்கே ஒரு பொட்டு, தள்ளி அங்கே ஒரு பொட்டு என்று வைப்பர். சூடு ஆற ஆற, இடைவெளியை நிரப்புவர். பிறகு, உள்பக்கம் இரும்புக் கட்டையைப் பிடித்து, வெளிப்பக்கம் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமப்படுத்துவர். கடைசியில் தேய்த்து, பெயின்ட் அடித்தால், ஒட்டிய இடமே தெரியாது!

அந்த 1 டாலர் கார், 2013ல் ஏலம் போன விலை, 46.2 லட்சம் டாலர்!

பட்டறைப் பக்கம் போனால், சுத்தியல் பிடித்த கைகளைக் கவனியுங்கள். வெல்டிங் ஒளியை மட்டும் வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள்!