ஜிஹெச்-ல ஆபரேஷனுக்கு டேட் கிடைக்கலையா? இன்னொரு க்யூவும் இருக்கு!

அம்மாவுக்கு மூட்டு தேய்ஞ்சு போச்சு. அரசு ஆஸ்பத்திரியில மூட்டு மாற்று ஆபரேஷன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. செலவு பெருசா இல்ல. ஆனா தேதி? "கூப்பிடுவோம், போங்க."

டாக்டர்கள் மேல கோபப்பட்டு பிரயோஜனம் இல்லீங்க. விபத்து, நெஞ்சுவலினு வர்றவங்களுக்குத்தான் முதல்ல தியேட்டர். மூட்டு, குடலிறக்கம், கண்புரை எல்லாம் தள்ளித்தான் போகும். போதாததுக்கு, ஸ்பெஷலிஸ்ட் இல்லாத ஊர்க்காரங்க எல்லாரும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் வரணும்.

இந்தக் காத்திருப்புக்கு நம்ம பர்ஸ் என்ன கொடுக்குதுன்னு பார்ப்போம். மாசம் 27,000 ரூபாய் சம்பளம்னு வச்சுக்குங்க. லீவு தீர்ந்துட்டா ஒரு நாள் லாஸ் ஆஃப் பே 900. ரெண்டு பேர் போக வர, சாப்பாடு 600. ஓபி, ஸ்கேன், ரிப்போர்ட், மயக்க டாக்டர்னு எட்டு நாள் அலைஞ்சா 12,000 காலி. இது கூட பரவாயில்ல. வலி தாங்காம பாதியில தனியாருக்கு ஓடி, பர்சனல் லோன் போடறோம் பாருங்க, அங்கதான் மூணு நாலு வருஷ சேமிப்பு போகுது.

"அப்போ இப்பவே பாலிசி எடுத்துடறேன்"னு கிளம்பாதீங்க. அங்கயும் ஒரு க்யூ இருக்கு. விபத்து தவிர மத்ததுக்கு முதல் 30 நாள் கிடையாது. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும், மூட்டு மாற்று மாதிரி பட்டியல்ல இருக்கிற சிகிச்சைக்கும் அதிகபட்சம் 3 வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம். 2024-க்கு முன்னாடி இது 4 வருஷமா இருந்துச்சு. மூட்டு வலியை மறைச்சு எடுத்தா க்ளெய்ம் நேரத்துல மாட்டுவீங்க. ஆனா இந்த க்யூல ஒரு வசதி: நல்லா இருக்கும்போதே நின்னுக்கலாம். அப்பா அம்மாவுக்கு ஐம்பது தாண்டுறதுக்குள்ள எடுத்துடுங்கன்னு நான் நச்சரிக்கிறது இதுக்குத்தான்.

ஆபீஸ் குரூப் பாலிசி இருந்தா அதை முதல்ல பாருங்க. நிறைய கம்பெனி பாலிசியில இந்தக் காத்திருப்பே இருக்காது. பெற்றோரைச் சேர்க்க முடியுமா, எப்போ முடியும்னு எச்ஆர்-கிட்ட கேளுங்க; பெரும்பாலும் வேலைக்குச் சேரும்போதோ ரினியூவல் சமயத்துலயோ மட்டும்தான் விடுவாங்க. வேலையை விடறதுக்கு முன்னாடியே, அதே இன்சூரன்ஸ் கம்பெனியில தனி பாலிசியா மாத்திக்க முடியுமான்னும் கேட்டுடுங்க. காத்திருந்த காலம் வீணாகாது.

சம்பளம் 21,000-க்குள்ளயா? பேஸ்லிப்ல 0.75 சதவீதம் ஈஎஸ்ஐ பிடிச்சிருப்பாங்க. உங்களை நம்பி இருக்கிற பெற்றோருக்கும் அதுல சிகிச்சை உண்டு. மே மாசம் ஹைக் வந்து 21,000 தாண்டினாலும் உடனே போயிடாது. செப்டம்பர் வரைக்கும் பிடிப்பாங்க, அதுக்கான பலன் அடுத்த ஜூன் வரைக்கும் இருக்கும்.

பெற்றோர் ஊர்ல தனி ரேஷன் கார்டுல இருந்து, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள்ள இருந்தா, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கார்டு வாங்கி வைங்க. வருஷத்துக்கு 5 லட்சம் வரை, திட்டத்துல சேர்ந்திருக்கிற தனியார் ஆஸ்பத்திரியிலயும் செல்லும். விஏஓ வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற கவுன்ட்டருக்குப் போனா போதும்.