நினைவூட்டலுக்குப் பொறுப்பாளர் யார்?

நோயாளியின் நோய் வரலாறு, ஆய்வக முடிவுகள், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றைக் கணினியில் ஒருங்கே சேர்த்து வைக்கும் மின்னணு மருத்துவப் பதிவேட்டில், இன்ன நாளுக்குள் இன்ன பரிசோதனை நடந்தாக வேண்டும் என மருத்துவருக்கு எடுத்துச் சொல்லும் ஏற்பாடு தொடர்கண்காணிப்பு நினைவூட்டல் எனப்படுகிறது. இதன் பயனை முறையாக அளந்த முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரைச் சேர்ந்த மருத்துவர் கிளெமென்ட் மெக்டொனால்ட் ஆவார். அவர் 1976இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்ற ஒன்பது மருத்துவர்கள், கணினிக் குறிப்பு கிடைத்தபோது கவனிக்க வேண்டியவற்றுள் 51 விழுக்காட்டுக்கு நடவடிக்கை எடுத்தனர். கிடைக்காதபோது அது 22 விழுக்காடாகவே இருந்தது. தவறவிட்டவற்றுள் பலவற்றுக்குக் காரணம், திருத்தக்கூடிய குறைபாடுகளைவிடத் தகவல்களைக் கையாள்வதில் மனிதருக்குள்ள இயல்பான வரம்பே என அவர் கருதினார்.

நினைவூட்டலை அமைப்பது கணினிக்கு ஒரு விதியை எழுதித் தருவதே. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் பதிவேட்டில் அவ்விதி யாருக்குப் பொருந்தும், எத்தனை காலத்துக்கு ஒருமுறை பொருந்தும், எது நடந்தால் நிறைவேறியதாகும் என்ற மூன்று வினாக்களுக்கு விடை கூறுகிறது. நீரிழிவு நோயாளிக்கு ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை என்ற எளிய விதியிலும் மூன்றாம் வினா சிக்கலானது. பரிசோதனையை வெளியே தனியாரிடம் செய்துகொண்டவரின் தகவலைப் பதியும் வழி இல்லையெனில், முடிந்துவிட்ட வேலைக்கே கணினி மீண்டும் மீண்டும் குரல் கொடுக்கும், மருத்துவரும் அதைப் படிக்காமலே மூடப் பழகிவிடுவார். எச்சரிக்கைச் சோர்வு என்று சொல்லப்படுவது இப்படியும் விளைகிறது.

ஒரு தனி நோயாளிக்காக வைக்கப்படும் நினைவூட்டல் இதனினும் நுட்பமானது. விபத்துக்காக எடுத்த சிடி ஸ்கேனில் நுரையீரலில் 6 முதல் 8 மில்லிமீட்டர் அளவுள்ள திண்ம முடிச்சு தற்செயலாகத் தென்பட்டால், புற்றுநோய் அபாயம் குறைந்தவருக்கும் 6 முதல் 12 மாதங்களுக்குள் மறு ஸ்கேன் தேவை என மார்புக் கதிரியக்கவியல் அமைப்பான ஃபிளைஷ்னர் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த அவசரப் பிரிவு மருத்துவர் அந்நோயாளியை மீண்டும் பார்க்கப்போவதில்லை. நினைவூட்டலை அவருக்கும் குடும்ப மருத்துவருக்கும் சேர்த்தே அனுப்பிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஹூஸ்டனிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையை மையமாக வைத்து 2009இல் வெளியான ஆய்வோ இதற்கு நேர்மாறானதைக் காட்டியது: படப் பரிசோதனை முடிவு குறித்து இருவருக்கு அனுப்பப்பட்ட எச்சரிக்கைகளே உரிய காலத்தில் கவனிக்கப்படாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காக இருந்தது, ஒருவர் பார்த்துக்கொள்வார் என மற்றவர் விட்டுவிட்டார் போலும். மருத்துவர் திறந்து பார்த்த எச்சரிக்கைகளிலும் 7.3 விழுக்காட்டுக்கு உரிய காலத்தில் தொடர் நடவடிக்கை இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு.

ஆகவே நினைவூட்டலைப் பெயர் குறிப்பிட்ட ஒருவரிடமே ஒப்படைத்து, அவர் விடுப்பிலோ இடமாற்றத்திலோ சென்றால் அது யாரிடம் போகும் என்பதையும் முன்னரே வகுத்து, செய்தியைத் திறந்தவுடன் மறையாமல் பரிசோதனை முடிவு பதிவானால் மட்டுமே நீங்கும்படி அமைப்பதே முறை. 2017இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பயன்படும் ‘சிம்பிள்’ செயலி ஓரளவு இவ்வழியில் செல்கிறது: வரவேண்டிய நாளைக் கடந்த நோயாளிகளின் பட்டியலைச் செவிலியருக்குக் காட்டி அங்கிருந்தே தொலைபேசியில் அழைக்கச் செய்யும் அச்செயலியில், ஒரு பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க விரும்புபவர் அதற்கான காரணத்தையும் பதிய வேண்டும்.