உங்களுக்குத் தெரியுமா? ஐஸ்லாந்து, 1973

★ அன்றைக்கு மொத்த ஜனத்தொகையே 2 லட்சத்துச் சொச்சம். ராணுவம் கிடையாது. அப்போது ஏற்றுமதியில் பெரும்பங்கு மீன்தான். அந்த நாட்டுக்கு 1973 வைத்த சோதனைகள் கொஞ்சநஞ்சமல்ல.

★ ஜனவரி 23, அதிகாலை 2 மணி வாக்கில், தென்கரைக்கு அப்பால் இருக்கும் ஹெய்மாய் தீவில், ஊருக்குக் கிழக்கே நிலம் பிளந்து நெருப்பைக் கக்கியது. தீவில் சுமார் 5,300 பேர். சில மணி நேரத்தில் அநேகமாக எல்லோரும் படகேறித் தப்பிவிட்டார்கள். காரணம், முந்தைய நாள் அடித்த புயல்! அதற்குப் பயந்துதான் மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போகாமல் துறைமுகத்தில் கிடந்தன. புயலை வாழ்த்திய மீனவர்கள் வேறு எங்கே இருப்பார்கள்?

★ தீவிலேயே தங்கிவிட்ட ஆட்கள் கூரைமேல் ஏறி, பாரத்தில் வீடு இடிந்துவிடாமல் சாம்பலை மண்வெட்டியால் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். பறந்து வந்து விழும் தீக்கற்களுக்குப் பயந்து ஜன்னல்களில் தகரம் அடித்தார்கள். அப்படியும் சுமார் 400 வீடுகள் போயின. உயிர்ப்பலி ஒன்று மட்டுமே, அதுவும் விஷவாயுவால்.

★ வீடு போனால் கட்டிக்கொள்ளலாம். துறைமுகம் போனால்? நாட்டின் முக்கியமான மீன்பிடித் துறைமுகம் அது. அதன் வாயை அடைக்க எரிமலைக் குழம்பு ஊர்ந்து வந்தது. கடல்நீரை அடித்து அதைக் குளிர்வித்து நிறுத்தலாம் என்றார் இயற்பியல் பேராசிரியர் தோர்ப்யோர்ன் சிகுர்கெய்ர்சன். கேலி செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவிலிருந்து பெரிய பம்புகள் விமானத்தில் வந்தன. புல்டோசரைக் குழம்பின் மேலேயே ஓட்டிக் குழாய் பதித்தார்கள். பிளாஸ்டிக் குழாய்கூடத் தாங்கியது. உள்ளே தண்ணீர் ஓடும்வரை உருகாதே! இப்படி இறைத்தது சுமார் 60 லட்சம் கன மீட்டர். குழம்பு நின்றது. வாய் குறுகியதில் அலையின் வேகம் குறைந்து, துறைமுகம் முன்பைவிடப் பாதுகாப்பாகிவிட்டது!

★ ஜூலை தொடக்கத்தில் எரிமலை அடங்கியபோது தீவின் பரப்பு 2 சதுர கிலோமீட்டருக்கு மேல் கூடியிருந்தது. எல்ட்ஃபெல் என்றொரு புது மலையும் முளைத்திருந்தது. ஆறாத குழம்பின் சூட்டை வைத்தே பின்னாளில் பல வருஷம் வீடுகளுக்கு வெந்நீர் கொடுத்தார்கள். சாம்பலை அள்ளி விமான ஓடுபாதையை நீட்டினார்கள். ஊரை விட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பியும் வந்தார்கள்.

★ மே 31. அமெரிக்க அதிபர் நிக்சனும் பிரெஞ்சு அதிபர் பொம்பிடூவும் ரெய்க்யவிக்கில் சந்தித்தார்கள். இடம்? இரண்டு மாதம் முன்புதான் திறந்த ஓர் ஓவியக் காட்சிக்கூடம். வரவேற்ற ஐஸ்லாந்து அதிபர் கிறிஸ்ட்யான் எல்ட்யார்ன் ஒரு தொல்லியலாளர்.

★ ஓடின், தோர் முதலான பழைய தெய்வங்களை வணங்குவோர் அமைப்பை அரசு அதிகாரபூர்வ மதமாகப் பதிவு செய்ததும் இதே ஆண்டில்தான்.

★ அப்போது அங்கே வியாழக்கிழமை தொலைக்காட்சி கிடையாது. ஜூலை மாதம் முழுக்கவே விடுமுறை!

★ மீன்பிடி எல்லை 50 கடல் மைல் என்று ஐஸ்லாந்து 1972இல் அறிவித்ததை பிரிட்டன் ஏற்கவில்லை. ஐஸ்லாந்து ரோந்துக் கப்பல்கள் பிரிட்டிஷ் டிராலர்களுக்கு (இழுவலைக் கப்பல்களுக்கு) பின்னால் குறுக்கே பாய்ந்து, கம்பியில் கட்டி இழுத்துவந்த கூரிய கொக்கியால் வலையின் வடத்தை அறுத்துவிடும். வலையும் மீனும் கடலுக்கடியில்! 1973 மே மாதம் பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. இரண்டுமே நேட்டோ நாடுகள் என்பது வேடிக்கை. மே 26 அன்று ‘எவர்ட்டன்’ என்ற டிராலரை ஐஸ்லாந்து சுட்டு ஓட்டை போட்டது, கப்பல் மூழ்கவில்லை. ஆகஸ்டில் இருதரப்புக் கப்பல்களும் மோதிக்கொண்ட பிறகு, சேதத்தை வெல்டிங் செய்யும்போது மின்சாரம் தாக்கி ஓர் ஐஸ்லாந்து பொறியாளர் இறந்தார். உறவையே முறித்துக்கொள்வோம் என்று ஐஸ்லாந்து மிரட்டியதும் அக்டோபரில் போர்க்கப்பல்கள் விலகின. நவம்பரில் உடன்பாடு: பிரிட்டன் ஆண்டுக்கு 1,30,000 டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது.

★ அதோடு தீரவில்லை. 1975இல் ஐஸ்லாந்து எல்லையை 200 மைல் என்று அறிவித்தது; மறுபடி சண்டை; அதிலும் ஐஸ்லாந்தே ஜெயித்தது. இவ்வளவு எதிர்த்த பிரிட்டன், 1977 ஜனவரி 1 முதல் தன் மீன்பிடி எல்லையையும் 200 மைல் ஆக்கிக்கொண்டது.