ஒரு ரப்பர் மூடி கற்றுத் தந்த கணக்கு

கண்டி நகரில் டிஜிட்டல் பிரின்டிங் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். டியூஷன் வகுப்புப் பெனர், கடைகளின் பெயர்ப் பலகை, வேன் ஸ்டிக்கர், கல்யாண மண்டப வரவேற்புப் பலகை என்று ஐந்தடி அகல இயந்திரம் ஒன்றுதான் எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது. இத்தொழிலுக்கு வர விரும்பும் நமது இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "நானா, மெஷின் என்ன விலை?" என்பதுதான். "ஹெட் என்ன விலை?" என்று எவரும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் நானும் கேட்கவில்லை. அதனால் நான் பட்ட நஷ்டம் மற்றவர்களுக்காவது பாடமாக இருக்கட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

இயந்திரத்தின் உயிர் எங்கே?

பெரிய அளவு இன்க்ஜெட் இயந்திரத்தின் உயிர் அதன் பிரின்ட் ஹெட்டில் இருக்கிறது. என்னிடம் முதலில் இருந்தது எப்சன் டிஎக்ஸ்5 ஹெட் பூட்டிய இயந்திரம். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு பொருளில் வரிசைக்கு 180 வீதம் எட்டு வரிசைகளில் 1440 துளைகள் உள்ளன. ஒவ்வொன்றும் தலைமுடியை விட மெல்லியது. மின்சாரம் பட்டதும் அசையும் பீசோ எனும் பொருள் ஒவ்வொரு துளைக்கும் பின்னால் இருந்து மையைத் துளித்துளியாகத் தள்ளுகிறது. துளையில் மை காய்ந்தால் அச்சில் வெள்ளைக் கோடு விழும். பல துளைகள் அடைபட்டால் அந்த நிறமே போய்விடும்.

வேலை இல்லாத நேரத்தில் ஹெட் ஓரத்துக்குச் சென்று ஒரு ரப்பர் மூடியின் மேல் அமர்கிறது. கேப் என்று நாங்கள் சொல்லும் இந்த மூடிதான் காற்றுப் படாமல் துளைகளை ஈரமாக வைத்திருக்கிறது. ஹெட்டின் விலை சில இலட்சம் என்றால் கேப்பின் விலை சில ஆயிரம்தான். என் இயந்திரத்தில் கேப்பின் விளிம்பு இறுகிப்போய் மாதக் கணக்காகியிருந்தது. "அடுத்த மாதம் மாற்றலாம்" என்று தள்ளிப் போட்டு வந்தேன்.

பூட்டிய ஊரும் பூட்டிய கடையும்

2020 மார்ச் 20ஆம் திகதி கொரோனாவுக்காக நாடெங்கும் ஊரடங்கு போடப்பட்டது. அந்த மாத இறுதியில் நான் வசிக்கும் அக்குறணை தனிமைப்படுத்தப்பட்டது. கடைக்கும் வீட்டுக்கும் இடையில் பத்துக் கிலோமீற்றர்தான். ஆனால் வாரக் கணக்கில் போக முடியவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது இயந்திரத்தை இயக்கி, நான்கு நிறமும் சிறிது ஓட விட்டிருக்க வேண்டும். கேப் நன்றாக இருந்திருந்தால் ஓரளவு தாங்கியிருக்கும். நான் திரும்பிச் சென்றபோது மெஜன்டா நிறம் ஒரு கோடுகூட வரவில்லை.

அடுத்த தவறையும் நானே செய்தேன். அவசரத்தில் சிரிஞ்சில் கிளீனிங் திரவத்தை ஏற்றி ஹெட்டுக்குள் பலமாக அழுத்தினேன். பார்க்க வந்த டெக்னிஷியன் கேட்ட முதல் கேள்வி, "நானா, சிரிஞ்சால அடிச்சீங்களா?" என்பதுதான். காய்ந்த ஹெட்டைத் திரவத்தில் மெதுவாக ஊறவிட வேண்டும். பலமாகத் தள்ளினால் உள்ளே உள்ள மெல்லிய சுவர்கள் உடைந்து நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எனக்கும் அதுதான் நடந்தது. பணத்தை மிச்சம் பிடிக்கப் பாவித்த ஹெட் ஒன்றை வாங்கினேன். அது மூன்று மாதமும் தாங்கவில்லை. கடைசியில் புதியதையே வாங்க வேண்டியதாயிற்று. அதற்கு மனைவியின் நகையில் ஒரு பகுதி போனது.

சதுர அடிக்கு ஐந்து ரூபா

அதன் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். மை, பிளெக்ஸ் சீட், மின்சாரம், வாடகை, சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்து விலை போட்ட நான், ஹெட் தேய்வதை மட்டும் சேர்க்கவில்லை. டயர் தேய்வதை நினைக்காமல் வேன் ஓட்டுபவனின் நிலைதான் என் நிலையும். ஓர் உதாரணத்துக்கு, ஹெட் மூன்று இலட்சம் ரூபா, அது 60,000 சதுர அடி அடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு சதுர அடியிலும் ஐந்து ரூபா ஹெட்டுக்குச் சொந்தம். அது இலாபம் அல்ல. அன்று முதல் அந்த ஐந்து ரூபாவை வேறு கணக்கில் போட்டு வந்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் விலையை இறக்கியபோதும் அதில் கை வைக்கவில்லை.

2022இல் அதன் அருமை புரிந்தது. மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. அச்சிடும் நடுவில் மின்சாரம் நின்றால் ஹெட் மூடிக்குப் போக முடியாமல் திறந்தபடியே காயும். அதே காலத்தில், மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ஹெட்டின் விலையும் அதோடு ஏறியது. எனது இரண்டாவது ஹெட் பழுதானபோது சேர்த்த பணம் விலையில் பாதிக்குச் சற்று மேல்தான் வந்தது. மீதியை மச்சானிடம் கைமாற்றாக வாங்கினேன். கடை மூடப்படவில்லை. எனக்குத் தெரிந்த இன்னொருவர் அந்த வருடம் தன் இயந்திரத்தையே விற்றுவிட்டார்.

அன்றாடம் செய்வது

இப்போது காலையிலும் மாலையிலும் நொசில் டெஸ்ட் அடித்துத் திகதியிட்டுக் கோப்பில் வைக்கிறோம். எந்த நிறம் எப்போது குறையத் தொடங்கியது என்பதை அது காட்டிக் கொடுக்கும். கடை பூட்டும் முன் கேப்பையும் வைப்பரையும் துடைத்து, கேப்பில் சிறிது கிளீனிங் திரவம் விடுகிறோம். கேப், வைப்பர், டேம்பர் மூன்றையும் கெடும் வரை காத்திராமல் தவணை வைத்து மாற்றுகிறோம். யூபிஎஸ் ஒன்றும் பூட்டியிருக்கிறோம். அது அச்சிடுவதற்கு அல்ல, ஹெட் மூடிக்குப் போய்ச் சேருவதற்கு மட்டும். ஹீட்டர்களை அதில் இணைக்கவில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலைநாட்டில் பின்னேர இடி மின்னல் அதிகம். அப்போது பிளக்கைக் கழற்றி விடுகிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டும்போதும் ஹெட் மூடியில் அமர்ந்துவிட்டதா என்று பார்த்தே வெளியேறுகிறோம்.

திருத்துவதா, மாற்றுவதா?

பழைய இயந்திரத்தை 2024இல்தான் மாற்றினேன். ஹெட் மட்டும் போனால் திருத்துவது இலாபம். ஹெட்டோடு மெயின் போர்டும் போய், திருத்தும் செலவு இயந்திரத்தின் இன்றைய பெறுமதியில் பாதியைத் தாண்டினால் மாற்றுவதே மேல். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானதையும் கணக்கில் சேர்த்தே முடிவெடுத்தேன். புதியதை வாங்கும்போது வேகத்தைக் கேட்கவில்லை. உதிரிப்பாகம் கொழும்பில் கையிருப்பில் உண்டா, பழுதானால் எத்தனை நாளில் ஆள் கண்டிக்கு வருவார், ஹெட்டின் இன்றைய விலை என்ன என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கினேன். பழைய இயந்திரத்தை அதன் குறைகளைச் சொல்லியே விற்றேன். விலை குறைந்தது, மனம் நிறைந்தது.

எனவே தம்பிமாரே, கடன்பட்டு இயந்திரம் வாங்கும் முன் ஹெட்டின் விலையைக் கேளுங்கள். முதல் பெனர் அடிக்கும் நாளிலேயே அடுத்த ஹெட்டுக்கான முதல் ஐந்து ரூபாவை ஒதுக்கி வையுங்கள். இறுகிய கேப்பை இன்றே மாற்றுங்கள்.