அடக்கும் ரசாயனம் வளர்ப்பது எப்படி?

நடந்தால் மூளையில் புது செல் முளைக்குமாமே என்று மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடப்பவர்கள் பேசிக்கொள்வதுண்டு. சுண்டெலிக்கு அது உண்மை. சக்கரத்தில் ஓடும் எலிகளின் ஹிப்போகேம்பஸில், அதாவது நினைவைக் கையாளும் பகுதியில், புது நியூரான்கள் கூடுவதை 1999-இல் காட்டினார்கள்.

புது நியூரான்களைத் தரும் முன்னோடி செல்களைப் பிரியச் சொல்வது யார்? மூளையின் தூது ரசாயனங்களுக்கு அதில் பெரிய பங்கு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யாவின் குழு எலி மூளையில் அவற்றில் ஒன்றான நார்அட்ரினலினை வற்றச் செய்தது. செல் பிரிவது குறைந்தது. 2002-இல் வெளியான முடிவு இது.

விநோதம் என்றால் இன்னொரு தூது ரசாயனமான காபாதான். முதிர்ந்த நியூரானை அடக்குவதே இதன் வேலை. பிஞ்சு நியூரானையோ தூண்டிவிடுகிறது! ரசாயனம் மாறவில்லை, செல்தான் வேறு. பிஞ்சுக்குள் குளோரைடு அதிகம். காபா வழி திறந்ததும் அது உள்ளே வராமல் வெளியே பாய்கிறது. செல் கிளர்ந்து கிளை விடுகிறது. எலிகளின் பிஞ்சு நியூரான்களில் அந்தக் குளோரைடைக் குறைத்துப் பார்த்தார்கள், 2006-இல். கிளைகள் குன்றிப்போயின.

வளர்ந்த மனிதர்களிடமும் புது நியூரான்கள் பிறக்கின்றனவா? 2018-இல் ஒரு குழு இல்லை என்றது, இன்னொன்று எழுபது வயதிலும் உண்டு என்றது. பூங்கா வாசிகள் அவசரப்பட வேண்டாம்.

கருவில் நியூரான்கள் பிறப்பதில் சர்ச்சையே இல்லை. மயிலையிலிருந்து சில கிலோமீட்டரில், ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் கருவின் மூளையை 5,132 சீவல்களில் படமெடுத்து, 'தரணி' என்று 2024-இல் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.