உங்களுக்குத் தெரியுமா? வத்தலக்குண்டுக்காரர்கள்

கொடைக்கானல் போகிறவர்கள் டீ குடிக்க இறங்கும் ஊர் என்றுதான் வத்தலக்குண்டைப் பலருக்குத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தின் இந்தச் சிற்றூரில்தான் ‘கமலாம்பாள் சரித்திரம்’ நாவலை எழுதிய பி.ஆர். ராஜமய்யர் 1872-இல் பிறந்தார். ‘பிரபுத்த பாரத’ ஆங்கில இதழின் முதல் ஆசிரியரும் அவரே. 26 வயதிலேயே மறைந்துவிட்டார், என்ன செய்ய!

‘மணிக்கொடி’ இதழின் ஆசிரியராக இருந்த பி.எஸ். ராமையாவுக்கும் (பிறப்பு 1905) இதே ஊர். இருவர் பெயரிலும் முன்னால் நிற்கும் ‘பி’, வத்தலக்குண்டின் இன்னொரு பெயரான பத்தலகுண்டுதான்.

விடுதலைப் போராட்டத்தில் வ.உ.சி.யுடன் 1908-இல் சிறை சென்ற சுப்பிரமணிய சிவாவும் இங்கே பிறந்தவர் (1884). சிறையில் அவருக்குத் தொழுநோய் தொற்றியது. அதைக் காரணம் காட்டி, ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளை அரசு தடை போட்டது. அவரா அடங்குவார்? கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

சி.சு. செல்லப்பா பிறந்தது சின்னமனூர், வளர்ந்தது வத்தலக்குண்டு. 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்த அவர், புத்தக மூட்டையைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்றார். ஜல்லிக்கட்டைச் சொல்லும் அவருடைய ‘வாடிவாசல்’ சின்ன நூல்தான். ஒரே மூச்சில் முடித்துவிடலாம், படித்துப் பாருங்கள்.